கொள்ளி வைத்தவருக்கு ஓர் உருமால்

வெள்ளைப்பாறைத் தோட்டம்,
பேராக், மலாய் நாடு.
14-8-1936

திருச்செங்கோட்டிலிருக்கும் அண்ணன் மகள் சாரதாமணிக்குச் சித்தப்பா சென்னிமலைக் கங்காணி எழுதுவது.

அம்மா, இந்தக் கடிதத்தை உன் தாயார் காதில் விழும்படி உரக்கப் படிக்காதே. முதலில் நீ தனியே படி. பிறகு உன் மாமன் பாலசுந்தரத்தைக் கூப்பிட்டுப் பக்கத்தில் வைத்துக்கொண்டு நல்லம்மாள் அண்ணியிடம் சொல்.

உன் தகப்பனார், என் அண்ணன் அர்த்தநாரி, ஆடி மாதம் 26ந் தேதி திங்கட்கிழமை, தேய்பிறை அஷ்டமியில், காய்ச்சல் கண்டு சிவபதவி அடைந்தார். ஒரே நாள் காய்ச்சல்தான். டாக்டரை அழைத்துவந்து காட்டினேன். என் மடியில் தலை வைத்துத்தான் உயிர் பிரிந்தது. ஆண்பிள்ளை இல்லாதவர் அநாதையாகப் போனார் என்று யாரும் சொல்லிவிடக் கூடாதென்று, பங்காளி முறையில் நானே கொள்ளி வைத்தேன். மறுநாள் எலும்பு பொறுக்கிக் கடலில் கரைத்தேன். ஆகையால் அங்கே தர்ப்பைப் பொம்மை செய்து எரிக்க வேண்டியதில்லை. கருமாதியை மட்டும் முறைப்படி செய்துவிடுங்கள்.

அவருடைய பெட்டியை, ஊருக்கு வரும் ஆள் யாரிடமாவது கொடுத்தனுப்புகிறேன். மனதைத் தேற்றிக்கொள்ளுங்கள். நான் இருக்கிறேன்.

சென்னிமலை

*

திருச்செங்கோடு,
14-9-1936

பேரன்புள்ள சித்தப்பா அவர்களுக்குத் தங்கள் மகள் சாரதாமணி வணங்கி எழுதுவது.

தங்கள் கடிதம் பள்ளிக்கூடம் விட்டு வரும் வழியிலேயே தபால்காரரிடமிருந்து என் கைக்கு வந்தது. தெப்பக்குளத்துப் படியில் உட்கார்ந்து படித்தேன். படித்தபின் அதை அகராதிக்குள் வைத்துக்கொண்டு வீட்டுக்குப் போனேன். அம்மா தறிக்குழியில் இருந்தாள். அப்பா கப்பலேறிய நாள் முதல் அவள்தான் நெய்கிறாள். மாமாவைக் கூட்டிவருகிறேன் என்று மட்டும் சொல்லித் திரும்பினேன். அதற்குள் தறியில் நாடா ஓடுகிற சத்தம் நின்றுவிட்டது.

"என்ன சாமி, உங்கொப்பனா?" என்றாள்.

நான் எப்படிச் சொல்ல வேண்டும் என்று தாங்கள் எவ்வளவோ யோசித்து எழுதியிருந்தீர்கள். எதற்கும் வேலையில்லாமல் போயிற்று.

நேற்று முன்தினம் கருமாதி ஆயிற்று. நம் தெருப் பெரியதனக்காரர் வந்திருந்தார். தர்ப்பைப் பொம்மை எரிக்க வேண்டுமா என்று மாமா கேட்டதற்கு, "பங்காளியே கொள்ளி வெச்சாச்சுங்களே, இனிப் பொம்மையெதுக்குங்க? நம்ம சென்னிமலை தங்கமான ஆளு. ஒண்ணுதான் பாக்கி. கொள்ளி வெச்சவன் தலையும் மீசையும் எடுத்திருப்பான். அவன் தலைக்கு உருமால் கட்டாம தீட்டுப் போகாது. இருக்கறது கடலுக்கு அந்தப்பக்கம். வர்ற அன்னைக்கு மச்சினன் முறையில பாலசுந்தரம் கட்டிப்போடட்டும். அதுவரைக்கும் அவன் ஒரு நல்ல காரியத்துக்கும் முன்னால நிக்கக்கூடாது" என்றார்.

அந்த உருமாலை அம்மா கடையில் வாங்க மாட்டேன் என்கிறாள். கருமாதிக்கு மறுநாளே அதற்கென்று மெல்லிய நூலாகப் பார்த்துப் பாவு போட்டுவிட்டாள். "என் புருசனுக்கு நெருப்பு வெச்ச கை. அந்தத் தலைக்கு நானே நெய்யறேன்" என்கிறாள். நானும் இரவும் பகலும் தங்களைத்தான் நினைக்கிறேன். எங்களால் முடியாத காரியத்தைத் தாங்கள் செய்தீர்கள்.

அம்மா சில விஷயங்கள் கேட்கச் சொல்கிறாள். கோபிக்காமல் எழுத வேண்டும். கடைசியில் அப்பா என்ன கேட்டார்? என்ன குடித்தார்? என் பெயரைச் சொன்னாரா? (இது நான் கேட்பது.) அவர் புறப்பட்ட அன்று அம்மா ஒரு துண்டு நெய்து கொடுத்தாள். கரையில் சிவப்பு நூல் இரட்டையாக ஓடும். அப்படி நெய்வது இந்தத் தெருவில் அம்மா ஒருத்திதான். அதைப் போர்த்தினீர்களா?

இப்படிக்கு,
தங்கள் அன்பையே நம்பியிருக்கும் மகள்,
சாரதாமணி

*

வெள்ளைப்பாறைத் தோட்டம்,
3-10-1936

சிரஞ்சீவி சாரதாமணிக்கு ஆசீர்வாதம்.

உன் கடிதம் கண்டு கண் கலங்கினேன். கையெழுத்து அச்சுப்போல் இருக்கிறது. என் மகள் கமலவேணிக்குக் கையெழுத்துப் போடக்கூடத் தெரியாது. இருந்தாலும் பெண்களுக்கு அளவோடு படிப்பு போதும்.

அண்ணன் கடைசியில் இளநீர் கேட்டார். நானே என் கையால் சீவிக் கொடுத்தேன். உன் பெயரைச் சொன்னார். உன் தாயார் நெய்த துண்டைத்தான் மேலே போர்த்தினேன். அதுவும் அவரோடு எரிந்தது. இதைச் சொல்லி அண்ணியை ஆறுதல்படுத்து.

ஒரு நல்ல சமாசாரம். கமலவேணிக்கு ஜலகண்டாபுரத்தில் வரன் கூடியிருக்கிறது. மாசியில் முகூர்த்தம். சம்பந்தி வீட்டார் ஆசாரம் மிகப் பார்ப்பவர்கள். தீட்டுள்ளவன் தாரை வார்க்க முடியாது. ஆகையால் நான் வந்து இறங்கியதும் முதல் வேலையாக உருமால் கட்டு ஆகிவிட வேண்டும். அண்ணியிடம் சொல்லி உருமாலைத் தயாராக வை. இந்த உபகாரத்தை மறக்க மாட்டேன்.

சென்னிமலை

*

திருச்செங்கோடு,
20-11-1936

அன்புள்ள சித்தப்பா அவர்களுக்கு, சாரதாமணியின் வணக்கம்.

உருமால் நெய்து முடிந்தது. அம்மா அதை மடித்து, விபூதி வைத்து, பானைமேல் வைத்திருக்கிறாள்.

தங்கள் கடிதத்தை அம்மா பலமுறை படிக்கச் சொன்னாள். இளநீர் என்ற இடம் வந்ததும் போதும் என்று கையைக் காட்டிவிடுவாள். ஏன் என்று கேட்டேன். "உங்கொப்பனுக்கு இளநீர் வாயில வெக்க ஆகாதுடா சாமி. காய்ச்சல்னா சுடுதண்ணிதான் கேப்பாரு" என்றாள். ஊர் மாறினால் வாய் மாறுமாயிருக்கும் என்று நான் சொன்னேன்.

எனக்கும் இரண்டு சந்தேகங்கள். தாங்கள் தவறாக நினைக்கக் கூடாது. எனக்கு எதையும் சரிபார்க்காமல் தூக்கம் வராது.

ஒன்று. எங்கள் பள்ளிக்கூடத்தில் ஒரு பெரிய தேசப்படம் தொங்குகிறது. தோட்டம் ஈப்போவுக்குக் கிழக்கே மலையடிவாரத்தில் இருப்பதாக அப்பா முன்பு எழுதியிருந்தார். படத்தில் விரலை வைத்துப் பார்த்தால் கடல் எதிர்த்திசையில் வெகுதூரம் தள்ளி இருக்கிறது. மறுநாளே எலும்பைக் கடலில் எப்படிக் கரைத்தீர்கள்?

இரண்டு. தீபாவளிக்கு மறுநாள் கமலவேணி ஒரு போட்டோவைக் கொண்டுவந்து காட்டினாள். மாப்பிள்ளை வீட்டாருக்குக் காட்டத் தாங்கள் அனுப்பியதாம். பழைய துரை மாற்றலாகிப் போனபோது எடுத்தது. தாங்கள் கோட்டும் சரிகைத் தலைப்பாகையுமாகத் துரைக்குப் பக்கத்தில் நிற்கிறீர்கள். "எங்கப்பா மீசையப் பாத்தியா, ரெண்டு பக்கமும் எலுமிச்சம்பழம் நிக்கும்" என்று அவள் பெருமைப்பட்டாள். நானும் பார்த்தேன். காலடியில் ஒரு பலகையில் இங்கிலீஷில் தேதி எழுதியிருக்கிறது. 22-8-1936. அப்பா இறந்து அப்போது இரண்டு வாரம்கூட ஆகவில்லை. கொள்ளி வைத்தவருக்கு அதற்குள் அவ்வளவு பெரிய மீசை எப்படி வளரும் என்று எனக்குப் புரியவில்லை.

பலகையில் தேதியைத் தவறாக எழுதிவிட்டார்களோ? தெரிவித்தால் மனம் அமைதியாகும்.

இப்படிக்கு,
தங்கள் மகள்,
சாரதாமணி

*

வெள்ளைப்பாறைத் தோட்டம்,
8-12-1936

சாரதாமணிக்கு.

உன் கடிதத்தைப் படித்து மனம் புண்பட்டது. பதினாலு வயதுப் பெண் பெரியவர்களைக் கோர்ட்டு வக்கீல் போலக் கேள்வி கேட்கலாமா? உன் தாயார் இடம் கொடுக்கிறாள் என்று தெரிகிறது.

இது உங்கள் ஊர் அல்ல. இங்கே மொட்டை போட்டுக்கொண்டு துரை முன்னால் நிற்க முடியாது. அதற்காகக் கொள்ளி வைக்கவில்லை என்று ஆகிவிடுமா? கடல் என்றால் கடலுக்குப் போகும் ஆறு. அதை விரல் வைத்து அளக்கிறாயோ?

இன்னொன்று. இந்தத் தோட்டத்தில் வேலை பார்த்த பொன்னன் என்பவன் வேலையை விட்டுக் கணக்கு முடித்துக்கொண்டு ஊருக்கு வருகிறான். வாழப்பாடிப் பக்கத்தான். குடிகாரன். ஒருநாள் அவனை நான் அடித்தேன் என்ற வன்மம் அவனுக்கு. உங்கள் வாசலுக்கு வந்தால் உள்ளே விடாதே. அவன் சொல்லும் எதையும் நம்பாதே. கையில் எது கொண்டுவந்தாலும் வாங்காதே.

கல்யாணம் நெருங்குகிறது. உருமாலைப் பற்றி மட்டும் யோசி. பெண்ணாகப் பிறந்த உனக்கும் நாளைக்கு ஒரு கல்யாணம் உண்டு, அப்போது பங்காளி தயவு வேண்டும் என்பதை மறக்காதே.

சென்னிமலை

*

திருச்செங்கோடு,
24-12-1936

மரியாதைக்குரிய சித்தப்பா அவர்களுக்கு, சாரதாமணி எழுதுவது.

தங்கள் கடிதம் கிடைத்தது. தங்கள் மனதைப் புண்படுத்தியிருக்கிறேன் என்று தெரிந்துகொண்டேன். தாங்கள் எச்சரித்த ஆளைப் பற்றி எழுதியதை அம்மாவுக்குப் படித்துக் காட்டினேன். "அப்படியா எழுதியிருக்காரு?" என்றாள். எச்சரிக்கையை நாங்கள் இருவரும் மறக்க மாட்டோம்.

இனிமேல் நான் சந்தேகம் கேட்கப் போவதில்லை. எனக்கு இப்போது ஒரு சந்தேகமும் இல்லை.

ஆனால் ஒரு சிறு உதவி வேண்டும். தங்களுக்காகத்தான். ஜலகண்டாபுரத்துச் சம்பந்தி வீட்டார் தை மாதம் உறுதி செய்ய வரும்போது பெரியதனக்காரரிடம் தீட்டு விஷயத்தைக் கேட்கப் போகிறார்களாம். போட்டோவிலுள்ள மீசையை அவர்களும் பார்த்திருக்கிறார்களாம். ஆகையால் தாங்கள் அப்பாவுக்குக் கொள்ளி வைத்த விவரத்தை, ஆரம்பம் முதல் கடைசி வரை, ஒன்றையும் விடாமல் தங்கள் கையாலேயே எழுதி அனுப்பினால், மாரியம்மன் கோயில் முன்னால் எல்லோரும் கேட்கும்படி நானே படிக்கிறேன். பெரியதனக்காரர் சம்மதித்துவிட்டார். என்ன விறகு, யார் யார் உடனிருந்தார்கள், சங்கு ஊதியது யார், கொள்ளிக்குடம் சுமந்தது யார் என்றெல்லாம் விவரமாக இருந்தால் நல்லது.

அம்மா உருமாலை இன்னொரு முறை துவைத்துக் கஞ்சி போட்டு வைத்திருக்கிறாள். கொள்ளி வைத்தவர் தலைக்கு அது போய்ச் சேரும் நாளை எண்ணிக்கொண்டிருக்கிறோம்.

இப்படிக்கு,
சாரதாமணி

*

வெள்ளைப்பாறைத் தோட்டம்,
8-1-1937

செல்வச் சிரஞ்சீவி சாரதாமணிக்கு அநேக ஆசீர்வாதம்.

இப்போதுதான் நீ என் அண்ணன் மகள். புத்தியுள்ள பெண் என்று எனக்குத் தெரியும். நீ கேட்டபடி சபைக்கு எழுதுகிறேன். உரக்கப் படி.

திருச்செங்கோடு மாரியம்மன் கோயில் சபையாருக்கும் ஜலகண்டாபுரம் சம்பந்தி வீட்டாருக்கும் சென்னிமலைக் கங்காணியின் வணக்கம். என் அண்ணன் அர்த்தநாரிக்குக் காய்ச்சல் என்று தெரிந்ததும் வேலைக்குப் போக வேண்டாம் என்று நானே தடுத்து, என் வீட்டில் படுக்க வைத்தேன். உயிர் பிரிந்த பின் என் செலவில் சந்தனக்கட்டை வாங்கி அடுக்கினேன். குளிப்பாட்டி, நெற்றியில் விபூதி இட்டு, அண்ணி நெய்த சிவப்புக்கரைத் துண்டைப் போர்த்தி, வாய்க்கரிசி போட்டு, கொள்ளிக்குடம் சுமந்து மூன்று சுற்று வந்தேன். சங்கு ஊதினார்கள். தோட்டத்து ஆட்கள் எல்லோரும் கூடி நின்று அழுதார்கள். தலைமாட்டில் நானே நெருப்பு வைத்தேன். விடியும்வரை அங்கேயே நின்றேன். எலும்பைப் பால் ஊற்றி எடுத்துப் புண்ணிய நீரில் கரைத்தேன். இது அர்த்தநாரீசுவரர் சாட்சியாகச் சத்தியம்.

சாரதா, நான் மாசி பிறந்ததும் பினாங்கில் கப்பலேறுகிறேன். உனக்கு ஜப்பான் பட்டில் பாவாடைத்துணி வாங்கி வைத்திருக்கிறேன்.

சென்னிமலை

*

திருச்செங்கோடு,
28-1-1937

வெள்ளைப்பாறைத் தோட்டத்துக் கங்காணி சென்னிமலை அவர்களுக்கு.

தாங்கள் கப்பலேறுவதற்கு முன் இது கிடைத்துவிட வேண்டும் என்று இன்றே தபாலில் சேர்க்கிறேன்.

தைப்பூசத்தன்று மாரியம்மன் கோயில் முன் சபை கூடியது. சம்பந்தி வீட்டாரில் ஏழெட்டுப் பேர் வந்திருந்தார்கள். பெண்ணின் தாயார் என்ற முறையில் கந்தம்மாள் சித்தி புதுச்சேலையில் பெண்கள் பக்கம் முன்னால் உட்கார்ந்திருந்தாள். பெண்பிள்ளை சபையில் நின்று படிப்பதா என்று இரண்டு பேர் முணுமுணுத்தார்கள். "எழுத்துத் தெரிஞ்சவ படிக்கட்டும். தெரியாதவன் வாய மூடிக் கேளு" என்று பெரியதனக்காரர் அடக்கினார்.

தங்கள் கடிதத்தை ஓர் எழுத்துக்கூட விடாமல் படித்தேன். பள்ளியில் பரிசு வாங்கிய போட்டியில்கூட நான் அவ்வளவு தெளிவாகப் படித்ததில்லை. சந்தனக்கட்டை என்ற இடத்தில் "அடேங்கப்பா!" என்று ஒருவர் சொன்னார். சத்தியம் செய்த இடத்தில் கந்தம்மாள் சித்தி கண்ணைத் துடைத்துக்கொண்டாள். முடித்ததும் சம்பந்தி வீட்டுப் பெரியவர், "இதுக்கு மேல என்னங்க வேணும்?" என்றார்.

அப்போதுதான் நான், "இன்னொருவர் பேச வேண்டும்" என்றேன்.

வேப்பமரத்தடியில் உட்கார்ந்திருந்த பொன்னன் எழுந்து வந்தார்.

இங்கே ஒரு விஷயம் சொல்லிவிட வேண்டும். அவரை உள்ளே விடாதே என்று தாங்கள் எழுதிய கடிதம் மார்கழியில் வந்தபோது, பொன்னன் எங்கள் வாசலில் உட்கார்ந்து கம்மங்கூழ் குடித்துக்கொண்டிருந்தார். சங்ககிரி ஸ்டேஷனிலிருந்து நடந்தே வந்திருந்தார். அதன்பின் தங்களுக்கு எழுதிய கடிதத்தில் நான் ஒரு பொய்கூட எழுதவில்லை. வேண்டுமானால் எடுத்துப் பாருங்கள். எனக்குச் சந்தேகம் இல்லை என்றேன். உண்மை. கொள்ளி வைத்தவர் தலைக்கு உருமால் போய்ச் சேரும் என்றேன். அதுவும் உண்மை.

அவர் கையில் ஒரு பால் டப்பா இருந்தது. அதைச் சுற்றி ஒரு துணி கட்டியிருந்தது. அம்மா டப்பாவைப் பார்க்கவில்லை. துணியின் ஓரத்தைத்தான் பார்த்தாள். சிவப்பு நூல் இரட்டையாக ஓடியது. அப்பாவோடு எரிந்துபோனதாகத் தாங்கள் எழுதிய அதே துண்டு. டப்பாவுக்குள் அப்பா இருந்தார்.

சபையில் பெரியதனக்காரர் கேட்டார்: "சந்தனக்கட்டைங்கறாரே, உண்மையா?"

"சந்தனமா? ரப்பர் வெறகுங்க சாமி. அன்னிக்குப் பூரா மழை. ஈர வெறகு பத்தலேன்னு சீமெண்ணெ ஊத்தினேன்."

"சங்கு?"

"சங்கெங்க இருக்குது அங்க? தோட்டத்துல சத்தம் போடறது ஒண்ணே ஒண்ணுதான். வெடியால பிரட்டுக்குத் தட்டற தண்டவாளத் துண்டு."

யாரோ சிரித்தார்கள். பிறகு யாரும் சிரிக்கவில்லை. ஏனென்றால் அவர் பிரட்டைப் பற்றிச் சொல்ல ஆரம்பித்தார். அதிகாலையில் ஆட்களை வரிசையில் நிறுத்தித் தலை எண்ணுவதற்குப் பெயர் பிரட்டாம். அப்பாவுக்குக் காய்ச்சல் ஒரு நாள் அல்ல, நாலு நாள். ஆள் குறைந்தால் துரை முன்னால் தங்கள் பெயர் கெட்டுவிடும் என்று, நாலாம் நாள் விடியற்காலையில் அவருடைய அறைக் கதவைத் தடியால் அடித்துத் தாங்களே எழுப்பினீர்களாம். "நெசவாளிச் சோம்பேறி, கூடப்பொறந்த முறைன்னு பாத்தா தலை மேல ஏறுறயா?" என்றீர்களாம். மழையில் பால் வெட்டப் போனவர் மரத்தடியில் விழுந்தார். பொன்னன்தான் சாக்கில் வைத்துத் தூக்கிவந்தார். அப்பா சுடுதண்ணீர் கேட்டார். பொன்னன்தான் வைத்துக் கொடுத்தார். ஏன் நோயாளியை வேலைக்கு அனுப்பினாய் என்று தங்களைக் கேட்டதற்குத்தான் பொன்னன் அடி வாங்கினார். அவர் காதுக்குப் பின்னால் இருக்கும் தழும்பைச் சபையார் பார்த்தார்கள்.

"உசுரு போனப்பறம் கங்காணி வந்தாரு. மூக்கைத் துண்டால பொத்திக்கிட்டு வாசல்லயே நின்னாரு. ஒட்டுக் காய்ச்சலாயிருக்கும், சீக்கிரம் எரிச்சிருங்கடான்னாரு. நீங்க பங்காளியாச்சே, நீங்கதானே நெருப்பு வெக்கணும்னு கேட்டேன். எனக்கு ஈப்போவுல ஜோலியிருக்குதுன்னு போயிட்டாரு. தெக்க தலையா வெச்சு நான்தான் பத்த வெச்சேன் சாமி. எனக்கு உங்க முறையெல்லாம் தெரியாது. அவரு என்னய தம்பின்னு கூப்புடுவாரு. அதனால வெச்சேன். தலையயும் எடுத்துக்கிட்டேன்."

அவர் தலையில் முடி இப்போதுதான் விரல் பிடிக்கும் அளவுக்கு வளர்ந்திருக்கிறது.

சபை முழுவதும் கந்தம்மாள் சித்தியைத் திரும்பிப் பார்த்தது. அவள் முகத்தைச் சேலையால் மூடிக்கொண்டாள். நான் அவளைப் பார்க்கவில்லை. பெரியதனக்காரரைப் பார்த்து, "கொள்ளி வைத்தவருக்குத்தான் உருமால் என்று நீங்கள்தானே சொன்னீர்கள்?" என்று கேட்டேன்.

அவர் பொன்னனை ஏற இறங்கப் பார்த்தார். பொன்னன் என்ன சாதி என்று தங்களுக்கே தெரியும். அவருக்கு நம் ஆள் உருமால் கட்டியதாக யாரும் கேள்விப்பட்டதில்லை. ஒருவர் எழுந்து, "அதெப்புடிங்க ஆகும்? குடுக்கறதாயிருந்தா கையில குடுத்து அனுப்புங்க" என்றார். பாலசுந்தரம் மாமா உருமாலைக் கையில் பிடித்துக்கொண்டு தயங்கி நின்றார்.

அம்மா பெண்கள் பக்கத்திலிருந்து எழுந்தாள். அப்பா போனபின் அவள் சபைக்கு வந்ததே அன்றுதான் முதல் தடவை. "தம்பி, நீ கட்டறயா, நான் கட்டட்டுமா?" என்றாள். சத்தமாகக்கூடச் சொல்லவில்லை. "எம் புருசன் ஈர வெறகுல கெடந்தப்ப இங்க இருக்கற ஆரு கையும் அங்க இல்ல. இந்தக் கைதான் இருந்துச்சு."

பெரியதனக்காரர், "கொள்ளி வெச்சவனுக்குத்தான் உருமாலு. அதுல மாத்தமில்லீங்க. கட்டுடா பாலசுந்தரம்" என்றார்.

மாமா கட்டினார். ஒரு சுற்று நழுவி மறுபடியும் கட்ட வேண்டியதாயிற்று. பொன்னன் சிறுபிள்ளை போலத் தலையைக் குனிந்துகொண்டிருந்தார். கட்டி முடித்ததும் அவர் அழுதார். அம்மா அழவில்லை. நானும் அழவில்லை.

எலும்பைப் பவானி கூடுதுறைக்குக் கொண்டுபோய்க் கரைத்தோம். பொன்னனும் கூட வந்தார். டப்பாவை என்ன செய்வதென்று தெரியாமல் சற்று நேரம் கையிலேயே வைத்திருந்தார். அம்மா அதை வாங்கிக்கொண்டாள். துண்டு எங்களிடம் இருக்கிறது.

இனித் தங்கள் வீட்டு விசேஷம். சம்பந்தி வீட்டுப் பெரியவர் நேர்மையானவர். "பொண்ணு மேல என்னங்க குத்தம்? குறிச்ச முகூர்த்தத்துல கலியாணம் நடக்கும். தாரை வார்க்கறதுக்கு மட்டும் வேற ஆளப் பாத்துக்குங்க. பொய்ச் சத்தியம் பண்ணின கையில நாங்க பொண்ணு வாங்கறதில்லீங்க" என்றார். சித்தியின் தம்பி தாரை வார்ப்பதாக முடிவாகியிருக்கிறது.

மறுநாள் கமலவேணி வந்தாள். வாசற்படியைத் தாண்டி உள்ளே வரவில்லை. "எங்கப்பன எனக்கு இல்லாமப் பண்ணிப்புட்டயேடி" என்றாள். "உன் அப்பா இருக்கிறார், கமலா. கப்பலேறி வருவார்" என்று நான் சொன்னேன். அவள் போனபின் கணக்குப் போட உட்கார்ந்தேன். எல்லாம் தப்பாகவே வந்தது. அதையும் மறைக்காமல் எழுதுகிறேன். இருந்தாலும் இன்னொரு முறை அந்தச் சபை கூடினால், இன்னொரு முறையும் அதே குரலில்தான் படிப்பேன்.

என் கல்யாணத்தைப் பற்றி எழுதியிருந்தீர்கள். அதற்குப் பங்காளி தயவு வேண்டியதில்லை. பாவாடைத்துணியையும் கொண்டுவர வேண்டாம்.

தாங்கள் தாராளமாக ஊருக்கு வரலாம். கொள்ளி வைக்காதவருக்குத் தீட்டு ஏது? தங்களுக்கு ஒரு நாளும் தீட்டு இருந்ததில்லை என்று பெரியதனக்காரரே சபையில் சொல்லிவிட்டார். கோயிலுக்குள் போகலாம். கல்யாணப் பந்தலில் எல்லோருக்கும் பின்னால் உட்காரலாம். யாரும் தடுக்க மாட்டார்கள்.

ஒன்று மட்டும் கேட்டுக்கொள்கிறேன். வரும்போது மீசையை எடுத்துவிடாதீர்கள். போட்டோவில் பார்த்ததை நேரில் பார்க்க வேண்டும் என்று தெரு முழுவதும் காத்திருக்கிறது.

அர்த்தநாரி மகள்,
சாரதாமணி